ப்யூஹெல்: சோற்றில் மறைத்த பூசணிக்காய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும் என்று ஒரு அரசாங்கம் பல வருடங்களாகச் சாதித்துக்கொண்டிருக்கிறது. சோறு, ஜெர்மனியின் மேற்குக் கோடியில் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் ஒரு ராணுவ விமானதளம். பூசணிக்காய், அந்தத் தளத்தில் தரைக்கு அடியில் கிடக்கும் அமெரிக்க அணுகுண்டுகள்.

தளத்தின் பெயர் ப்யூஹெல். (ஜெர்மன்காரர்கள் சொல்கிற மாதிரி அந்தப் பெயரைத் தமிழில் எழுத வழியில்லை. இப்படியே வைத்துக்கொள்வோம், மொழி தெரிந்தவர்கள் கோவிக்க வேண்டாம்.) அங்கே எத்தனை குண்டுகள்? வெளியிலிருந்து கணக்குப் போடும் ஆய்வாளர்கள் 10-லிருந்து 20 வரை என்கிறார்கள். ஜெர்மன் அரசைக் கேட்டால்? இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், எந்த அமைச்சர் மைக் முன்னால் நின்றாலும், இதே பதில்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்த ரகசியம் எதிரியிடமிருந்து குண்டைக் காப்பாற்றுவதற்காக அல்ல. சொந்த நாட்டு வாக்காளரிடமிருந்து அரசாங்கத்தைக் காப்பாற்றுவதற்காக. அணுகுண்டு நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். குண்டு வேண்டும் என்று நினைப்பவர்கள்கூட இந்த மௌனத்தை எதிர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தளம் வந்த கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெர்மனியை நான்கு வல்லரசுகள் பங்கு போட்டபோது ஐஃபெல் பகுதி பிரான்சின் பங்குக்கு வந்தது. 1950களில் பனிப்போர் சூடு பிடித்ததும், ரைன் நதிக்கு மேற்கே விமானதளங்கள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். காரணம் எளிது. சோவியத் டாங்கிகள் கிழக்கிலிருந்து வந்தால் எல்லையோரத் தளங்கள் முதல் நாளே போய்விடும். ரைனுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பிட்புர்க், ஸ்பாங்டாலெம், ஹான் என்று வரிசையாகத் தளங்கள் முளைத்தன. 1950களின் நடுவில் கட்டப்பட்ட ப்யூஹெலும் அந்த வரிசைதான். கீழே மோசெல் நதி, திராட்சைத் தோட்டங்கள், கோஹெம் என்ற அழகான சுற்றுலா ஊர். மேலே மலைமீது ஓடுபாதை.

1958-ல் புதிய மேற்கு ஜெர்மன் விமானப்படையின் 33-ஆவது போர்-குண்டுவீச்சுப் பிரிவு இங்கே குடியேறியது. முதலில் எஃப்-84எஃப் விமானங்கள். 1960களில் எஃப்-104ஜி ஸ்டார்ஃபைட்டர். இந்த ஸ்டார்ஃபைட்டர் ஜெர்மானியர்களுக்கு மறக்க முடியாத பெயர். வாங்கிய 916 விமானங்களில் சுமார் 290 விழுந்து நொறுங்கின, 116 விமானிகள் இறந்தார்கள். 1985 முதல் டொர்னாடோ. 2013-ல் பிரிவின் பெயரை மாற்றினார்கள், வேலையை மாற்றவில்லை.

என்ன வேலை? இதைத்தான் நேட்டோ மொழியில் அணு ஆயுதப் பகிர்வு என்கிறார்கள். குண்டு அமெரிக்காவுடையது. அதற்குக் காவல் அமெரிக்க வீரர்கள். இதற்கென்றே 702-ஆவது வெடிபொருள் ஆதரவுப் பிரிவு என்ற ஒரு அமெரிக்கப் படைப்பிரிவு ப்யூஹெலில் குடியிருக்கிறது. போர் வந்து, அமெரிக்க அதிபர் அனுமதி கொடுத்தால், குண்டைப் பூட்டிலிருந்து எடுத்து ஜெர்மன் விமானத்தில் மாட்டுவார்கள். ஓட்டிக்கொண்டு போய்ப் போடுகிறவர் ஜெர்மன் விமானி. மண் ஜெர்மனியுடையது, எதிரி திருப்பி அடித்தால் விழப்போகும் உயிரும் ஜெர்மனியுடையது. ஆனால் அந்த மண்ணில் வாழ்கிறவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்களாம்!

தரைக்கு அடியில்

முன்பெல்லாம் அணுகுண்டுகளைத் தனியாக ஒரு வேலி போட்ட கிடங்கில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சிக்கல். எதிரிக்கு ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும், போர்க்காலத்தில் கிடங்கிலிருந்து விமானம் வரை லாரியில் கொண்டுபோக வேண்டும். அதனால் டபிள்யூ.எஸ்.3 என்ற முறை வந்தது. விமானம் நிற்கும் கான்கிரீட் கொட்டகையின் தரையிலேயே ஒரு பெட்டகத்தைப் புதைத்துவிடுவார்கள். மேலே பார்த்தால் வெறும் தரை. குறியீட்டைப் போட்டால் பெட்டகம் லிஃப்ட் மாதிரி மேலே எழும்பும். ஒரு பெட்டகத்தில் அதிகபட்சம் நான்கு குண்டுகள் வைக்கலாம். ப்யூஹெலில் 1990 வாக்கில் இப்படி 11 பெட்டகங்கள் அமைத்தார்கள். அதாவது 44 குண்டுகளுக்கு இடம்.

1990 என்ற வருடத்தைக் கவனியுங்கள். அந்த வருடம் செப்டம்பர் 12-ஆம் தேதி மாஸ்கோவில் இரண்டு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதில் ஜெர்மனி அணு ஆயுதம் தயாரிக்காது, வைத்திருக்காது, அதன் கட்டுப்பாட்டையும் ஏற்காது என்று மறுபடியும் உறுதி சொன்னது. பழைய கிழக்கு ஜெர்மனி மண்ணில் அந்நியப் படையும் அணு ஆயுதமும் வரக்கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். ஆக, லைப்ஸிக்கில் இருப்பவருக்குத் தன் மண்ணில் அணுகுண்டு இல்லை என்று சர்வதேச ஒப்பந்தமே உத்தரவாதம். கோஹெமில் இருப்பவருக்கு "சொல்ல முடியாது" என்ற பதில். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட்!

குண்டுகள் அமெரிக்கக் கட்டுப்பாட்டிலேயே இருப்பதால் ஒப்பந்த மீறல் இல்லை என்பது அரசுத் தரப்பு வாதம். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கும் இதே வாதம்தான். இதைச் சட்டப் பேராசிரியர்கள் காலம் காலமாக அலசுகிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. என் கேள்வி ஒன்றுதான். எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது என்றால் சொல்வதற்கு ஏன் வாய் கூசுகிறது?

யாருக்கு ரகசியம்?

ரகசியம் என்றால் யாருக்காவது தெரியாமல் இருக்க வேண்டும். யாருக்குத் தெரியாது என்று பார்ப்போம்.

ரஷ்யாவுக்குத் தெரியாதா? செயற்கைக்கோள் வைத்து உலகத்தையே படம் பிடிக்கிற நாடு அது. பெட்டகம் உள்ள கொட்டகைகளைச் சுற்றித் தனி வேலி போடும் வேலை நடந்ததையும், ஓடுபாதை வேலை நடந்ததையும் வணிகச் செயற்கைக்கோள் படங்களை வைத்தே தன்னார்வ ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பத்திரிகை படிப்பவருக்குத் தெரியாதா? 2019-ல் நேட்டோ நாடாளுமன்ற அவையின் ஒரு குழுவுக்காகத் தயாரான வரைவு அறிக்கையில் ஆறு தளங்களின் பெயரையும் போட்டுவிட்டார்கள். பெல்ஜியத்தில் க்ளைன் ப்ரோகெல், ஜெர்மனியில் ப்யூஹெல், இத்தாலியில் அவியானோ, கெடி, நெதர்லாந்தில் ஃபோல்கெல், துருக்கியில் இன்சர்லிக். பெல்ஜியப் பத்திரிகை ஒன்று அதைப் பிடித்து வெளியிட்டதும், இறுதி அறிக்கையில் அந்தப் பகுதியை மாற்றினார்கள். கொட்டிய பாலை அள்ளிப் பாத்திரத்தில் ஊற்றிய கதை.

நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை. அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ரூட் லுபர்ஸ் 2013-ல் ஒரு ஆவணப்படத்தில், ஃபோல்கெல் தளத்தில் 22 அணுகுண்டுகள் இருக்கின்றன என்று போட்டு உடைத்துவிட்டார். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. எதிரி படையெடுத்து வந்தானா? இல்லை. டச்சு அரசு மட்டும் அதன் பிறகும் "கருத்து இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே 2021 மே மாதம் வந்த செய்தி. பெல்லிங்கேட் என்ற புலனாய்வுக் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஐரோப்பியத் தளங்களில் வேலை பார்க்கும் அமெரிக்க வீரர்கள், பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்வதற்காக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மனப்பாட அட்டைத் தளங்களில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! எந்தத் தளத்தில் எத்தனை பெட்டகம், எதில் சரக்கு இருக்கிறது, எது காலி, கேமரா எங்கே, ஆபத்து நேரத்தில் சொல்லும் குறிச்சொல் என்ன, எல்லாம் கூகுளில் தேடினால் கிடைத்தது. நாமெல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி செய்கிற வேலையை அவர்கள் அணுகுண்டு வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆக ரஷ்யாவுக்குத் தெரியும், பத்திரிகைக்குத் தெரியும், கூகுளுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது போல நடிக்க வேண்டிய ஒரே இடம் ஜெர்மன் நாடாளுமன்றம்.

இதில் அடிப்படையான ஒரு தர்க்கப் பிழையும் இருக்கிறது. அணுகுண்டு வைத்திருப்பதன் நோக்கமே எதிரியை அச்சுறுத்தித் தடுப்பது. "என்னிடம் இருக்கிறது, ஜாக்கிரதை" என்று எதிரிக்குத் தெரிந்தால்தானே அவன் பயப்படுவான்? தெரியாத குண்டுக்கு யார் பயப்படுவார்கள்? வீட்டு வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டுவது திருடனுக்காக. போர்டைத் திருடன் பார்க்கிற பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வீட்டுக்குள் இருப்பவர்களிடம் "நாயா, எந்த நாய்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அப்போது பேசினார்களே!

அணு ஆயுத விஷயத்தை மேடையில் பேச முடியாது, ஜனங்களுக்குப் புரியாது என்று ஒரு கூட்டம் சொல்லும். ஜெர்மனியின் சொந்த வரலாறே இதைப் பொய்யாக்குகிறது.

1957 ஏப்ரலில் சான்சலர் அடெனாவர், சிறிய வகை அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்த கட்ட வளர்ச்சிதான் என்கிற பொருளில் பேசினார். ஒரே வாரத்தில் 18 விஞ்ஞானிகள் எழுந்து நின்றார்கள். சாதாரண ஆட்கள் இல்லை. அணுப்பிளவைக் கண்டுபிடித்த ஓட்டோ ஹான், மாக்ஸ் போர்ன், ஹைசன்பெர்க், மாக்ஸ் ஃபான் லாவ. இந்தக் குண்டு எதுவும் சிறியதில்லை, ஜெர்மனி இதை விட்டுவிடுவதே நல்லது, நாங்கள் யாரும் இதைத் தயாரிக்கவோ சோதிக்கவோ கை கொடுக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். 1958 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நாள்கணக்கில் அனல் பறந்தது. மார்ச் 25-ஆம் தேதி, ராணுவத்துக்கு நவீன ஆயுதங்கள் தருவது என்று பெரும்பான்மை வாக்களித்தது. தெருவில் லட்சக்கணக்கானோர் எதிர்த்தார்கள். ஹாம்புர்க்கும் பிரேமனும் மக்களிடம் கருத்துக் கேட்க வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் போட்டன. பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் ஜூலை 30-ஆம் தேதி அதை ரத்து செய்தது.

அணு ஆயுதத்தை எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனால் எதற்காகச் சண்டை என்று இரு தரப்புக்கும் தெரியும். வாக்களித்த ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயரோடு கையைத் தூக்கினார்.

மறுபடியும் 1983. பெர்ஷிங்-2 ஏவுகணைகளை வைப்பதா வேண்டாமா என்று நாடே இரண்டுபட்டது. 1981 அக்டோபரிலேயே பான் நகரில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹைன்ரிஹ் பியோல், முட்லாங்கன் ராணுவ முகாம் வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தார். 1983 நவம்பர் 22-ஆம் தேதி நாடாளுமன்றம் ஏவுகணைகளுக்கு ஆதரவாக முடிவெடுத்தது. ஏவுகணை வந்தது. 1987-ல் ரேகனும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டதும் திரும்பிப் போனது. இத்தனை கூச்சலிலும் நேட்டோ உடையவில்லை, ஜெர்மன் ஜனநாயகம் சாகவில்லை.

1958-லும் 1983-லும் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

தீர்மானம் போட்டார்கள், அப்புறம்?

2009-ல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, ஜெர்மனியில் மிச்சமிருக்கும் அணு ஆயுதங்களை அகற்ற முயற்சி செய்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. வெளியுறவு அமைச்சர் கீடோ வெஸ்டர்வெல்ல இதைத் தன் லட்சியமாகவே பேசினார். 2010 மார்ச் 26-ஆம் தேதி, ஆளும் கட்சிகளும் எதிர்க்கட்சிகளில் பெரும்பாலானவையும் சேர்ந்து, அமெரிக்க அணு ஆயுதங்களை ஜெர்மனியிலிருந்து விலக்கிக்கொள்ள அழுத்தமாக வலியுறுத்துங்கள் என்று அரசுக்குத் தீர்மானம் நிறைவேற்றின.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். எதை விலக்கச் சொல்கிறார்கள்? இருப்பதாகவே அரசு ஒப்புக்கொள்ளாத ஒன்றை! "உங்கள் வீட்டில் இல்லாத மாட்டை வெளியே ஓட்டுங்கள்" என்று ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்ன மாதிரி இருக்கிறது.

முடிவு என்ன ஆனது? அதே வருடம் லிஸ்பனில் நேட்டோ, அணு ஆயுதம் உலகில் இருக்கும்வரை நாங்களும் அணு ஆயுதக் கூட்டணியாக இருப்போம் என்று முடிவு செய்தது. தீர்மானம் அலமாரிக்குப் போனது. குண்டு போகவில்லை, மாறாகப் புதுசானது. பி61-12 என்ற புதிய வகை வந்தது. பழைய குண்டு சும்மா மேலிருந்து விழும். இதற்கு வால் பகுதியில் வழிகாட்டும் கருவி உண்டு, இலக்கை நெருங்கிப் போய் விழும். 2025 ஜனவரியில் அமெரிக்க அணு ஆயுதத் துறையின் தலைமை அதிகாரியே, பி61-12 குண்டுகள் முன்னணித் தளங்களுக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று மேடையில் சொன்னார். சொந்தக்காரரே சொல்லிவிட்டார். வாடகைக்கு இடம் கொடுத்தவர்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

விமானத்தின் கதை இன்னும் அருமை. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச்சில் ஜெர்மனி 35 எஃப்-35 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் குழு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,000 கோடி யூரோ. எதற்கு என்று கேட்டால் வெளிப்படையாகவே சொன்னார்கள், அணு ஆயுதப் பகிர்வுக்கு டொர்னாடோவின் இடத்தில் புது விமானம் வேண்டும் என்று. எங்கே நிறுத்துவீர்கள்? ப்யூஹெலில். அதற்காகத் தளத்தையே இடித்துக் கட்டும் வேலை தொடங்கியது. ஓடுபாதைப் பணிக்காக 2022-ல் விமானங்களைத் தற்காலிகமாக நோர்வெனிஹ் தளத்துக்கு மாற்றினார்கள். 2027-லிருந்து புது விமானங்கள் ப்யூஹெலுக்கு வர வேண்டும் என்பது திட்டம்.

சரி, விமானத்தில் மாட்டப்போகும் பொருள் எங்கே? அது ரகசியம்! மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் எடுத்தாச்சு, மண்டபத்துக்கு வெள்ளை அடிச்சாச்சு, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டா "அதை உறுதிப்படுத்தவும் முடியாது மறுக்கவும் முடியாது" என்கிறார் பெண்ணின் அப்பா.

எதிர்வாதங்கள்

எதிர்த் தரப்பையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம், பயங்கரவாதிகள். இடம் தெரிந்தால் தாக்குவார்கள். பூட்டின் குறியீடு, காவலர் மாறும் நேரம், எந்தக் கொட்டகையில் எது, இதெல்லாம் ரகசியமாக இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் "இந்தத் தளத்தில் குண்டு இருக்கிறது" என்பது ஊரறிந்த செய்தி. அதை அரசு ஒப்புக்கொள்வதால் பயங்கரவாதிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பாதுகாப்பு பற்றிய கவலை நிஜம் என்றால் மௌனம்தான் அதற்கு எதிரி. 2007-ல் அமெரிக்காவில் ஆறு அணு ஏவுகணைகளைத் தெரியாமலே ஒரு விமானத்தில் மாட்டி மைனாட் தளத்திலிருந்து பார்க்ஸ்டேலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் அமெரிக்க விமானப்படை நடத்திய ஆய்வு, ஐரோப்பாவில் இருக்கும் பெரும்பாலான கிடங்குகள் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின் தரத்தை எட்டவில்லை என்று 2008-ல் சொன்னது. இது ஜெர்மன் அரசு சொல்லி ஜெர்மானியர்களுக்குத் தெரிந்ததில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுச் சட்டப்படி ஆவணத்தைக் கேட்டு வாங்கி வெளியிட்டதால் தெரிந்தது.

இரண்டாவது வாதம், ரஷ்யா. இது கனமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். உக்ரைனில் நடந்ததைப் பார்த்த ஜெர்மானியர் பலர் குண்டு இருக்கட்டும் என்று இப்போது நினைக்கலாம். நல்லது, அப்படியானால் அதையே வெளிப்படையாகச் சொல்லி ஆதரவு கேட்க இதைவிட நல்ல நேரம் உண்டா? 2023 மார்ச்சில் புதின், பெலாருஸில் அணு ஆயுதம் வைக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அமெரிக்கா தன் கூட்டாளி நாடுகளில் பல காலமாகச் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம் என்று நியாயமும் சொன்னார். அவர் மிரட்டுவதற்காகத்தான் சொன்னார், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சர்வாதிகாரி குண்டு எந்த நாட்டில் என்று வெளிப்படையாகச் சொல்கிறார், அதற்கு ஜனநாயக நாடு "எங்கள் வீட்டில் இருப்பது பற்றிப் பேச மாட்டோம்" என்கிறது. இந்த நிலையில் இருந்துகொண்டு பெலாருஸைக் கண்டித்தால் யார் காதில் ஏறும்?

மூன்றாவது வாதம், கூட்டணி ஒப்பந்தம். ஜெர்மனி மட்டும் பேச முடியாது, நேட்டோ விதி. சரிதான், ஆனால் விதியைப் போட்டவர்கள் அதே நாடுகள்தானே? அமெரிக்கா தன் மொத்த அணுகுண்டு எண்ணிக்கையை 2010-ல் 5,113 என்று வெளியிட்டது. 2024-ல் மறுபடி வெளியிட்டபோது 3,748. இதனால் அமெரிக்காவின் பலம் ஒரு துளியும் குறையவில்லை. நேட்டோவும் வருடாவருடம் நடத்தும் அணு ஆயுதப் பயிற்சியை முன்பு மூடி மறைத்தது. இப்போது பெயரோடு, எத்தனை விமானம் என்பதோடு பத்திரிகைக் குறிப்பே விடுகிறது. விதி மாறக்கூடியதுதான். மாற்றச் சொல்லி யாராவது கேட்க வேண்டும்.

நான்காவது வாதம், வேலைவாய்ப்பு. தளத்தை நம்பி அந்தப் பகுதியில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. மலைக்கிராமத்தில் வேறு பெரிய தொழில் இல்லை. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் உண்மையைச் சொல்வதும் தளத்தை மூடுவதும் ஒன்றல்ல. இன்னொன்று, மோசெலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹான் தளத்திலிருந்து 1993-ல் அமெரிக்கப் படை கிளம்பியது. அது பிறகு பயணிகள் விமான நிலையமாக மாறி, மலிவு விலை விமானங்களுக்குப் பெயர் வாங்கியது. அதுவும் ஏற்ற இறக்கம் கண்டதுதான். ஆனால் ஊர் செத்துப்போகவில்லை.

மௌனத்தின் விலை

இதெல்லாம் வெறும் கொள்கைச் சண்டை, நிஜத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் கதை.

1957-ல் டென்மார்க், எங்கள் மண்ணில் அணு ஆயுதம் கிடையாது என்று அறிவித்தது. அதே வருடம் அதன் பிரதமர் ஹெச்.சி. ஹான்சன், கிரீன்லாந்தின் தூலே தளத்தில் அமெரிக்கா அணு ஆயுதம் வைப்பதைக் கண்டுகொள்ளாமல் விடும் வகையில் அமெரிக்கத் தூதருக்கு ரகசியக் குறிப்புக் கொடுத்தார். 1968 ஜனவரி 21-ஆம் தேதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த ஒரு பி-52 விமானம் தூலே அருகே கடல் பனிமீது விழுந்தது. அணுவெடிப்பு நடக்கவில்லை. ஆனால் புளூட்டோனியம் பனியில் சிதறியது. டேனிஷ், கிரீன்லாந்துத் தொழிலாளர்கள் உறைபனியில் நின்று அதை அள்ளினார்கள். உடம்பு கெட்டுவிட்டது, இழப்பீடு வேண்டும் என்று அவர்களில் பலர் பிறகு பல வருடங்கள் போராடினார்கள். ஹான்சனின் குறிப்பு 1995-ல்தான் வெளியே வந்தது. சொந்த அரசே 38 வருடங்கள் தங்களை ஏமாற்றியிருக்கிறது என்று டென்மார்க் மக்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ப்யூஹெலில் இப்படி நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. 2014 ஜனவரியில் ப்யூஹெலில் இறங்க வந்த ஒரு டொர்னாடோ, ஏ48 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டு பேரும் குதித்துத் தப்பினார்கள். அதில் அணுகுண்டு இல்லை, பயிற்சியில் நிஜக் குண்டை மாட்டுவதும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அரசு இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத ஒரு பொருளால் விபத்து வந்தால் என்ன செய்வது என்று பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் யார் வெளிப்படையாகப் பயிற்சி கொடுப்பார்கள்?

சட்டத்தின் கதவையும் தட்டிப் பார்த்தாயிற்று. தளத்துக்குப் பக்கத்தில் வசித்த ஒரு பெண்மணி, இந்தக் குண்டுகளை அகற்ற அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். 2013-ல் ம்யூன்ஸ்டர் மேல் நிர்வாக நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. வேலியை வெட்டி உள்ளே போன போராட்டக்காரர்கள்மீது அத்துமீறல் வழக்கு. அபராதம் கட்ட மறுத்த சிலர் சிறைக்கும் போனார்கள். வேலி வெட்டுவது குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலியை வெட்டியவன் பெயர், வயது, குற்றம் எல்லாம் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வேலிக்குள் இருப்பது மட்டும் எந்த அரசு ஏட்டிலும் பகிரங்கமாக இல்லை.

அதே ஊரில் ஒரு நிஜ ரகசியம்

தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கோஹெம் ஊரிலேயே ஒரு அதிசயம் உண்டு. பனிப்போர் காலத்தில் ஜெர்மன் மத்திய வங்கி, சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் சாதாரண வீடுகள் போலத் தெரியும் கட்டிடங்களுக்குக் கீழே ஒரு பாதாள அறை கட்டியது. எதிரி கள்ளநோட்டு அடித்துப் பொருளாதாரத்தைக் கவிழ்த்தால் உடனே மாற்றிக்கொடுக்க, சுமார் 1,500 கோடி மார்க் மதிப்புள்ள மாற்று நோட்டுகளை 1964 முதல் 1988 வரை அங்கே பதுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. இப்போது அது அருங்காட்சியகம், டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம்.

அந்த ரகசியத்தை நான் மதிக்கிறேன். அது எதிரிக்குத் தெரியக்கூடாத விஷயம், தெரியவுமில்லை. வேலை முடிந்ததும் கதவைத் திறந்து மக்களிடம் காட்டிவிட்டார்கள். ப்யூஹெலில் இருப்பது இதற்கு நேர் தலைகீழ். எதிரிக்குத் தெரியும், தெரிந்தே ஆக வேண்டும். மறைப்பதெல்லாம் வரி கட்டுகிறவனிடம் மட்டும்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். எத்தனை? எதற்கு? எந்த நிலையில் போடுவீர்கள்? ஜெர்மன் அமைச்சருக்கு அதில் சொல்ல ஏதாவது அதிகாரம் உண்டா, இல்லை சாவி முழுக்க வாஷிங்டனில்தானா? இந்தக் கேள்விகளுக்குத் தேர்தல் மேடையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குண்டை ஆதரிக்கும் கட்சிக்கும் சங்கடம், எதிர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்சிக்கு வந்ததும் விமானம் வாங்கும் கட்சிக்கு அதைவிடச் சங்கடம். மௌனம் எல்லோருக்கும் வசதி.

நான் கேட்பது மூன்றே மூன்று. ப்யூஹெலில் அணுகுண்டு இருக்கிறது என்று ஜெர்மன் அரசு ஒரே ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளட்டும். விபத்து நேர்ந்தால் சுற்றுவட்டார மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். 1958-ல் செய்த மாதிரி, குண்டு இருக்க வேண்டுமா என்று நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடக்கட்டும். முடிவு "இருக்கட்டும்" என்று வந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன், 35 புது விமானங்கள் வந்து இறங்குவதற்குள் அந்த வாக்கெடுப்பு நடந்தால் போதும்.